தண்ணி ஃபேனுக்கு நெய்த தட்டி

எனக்குப் பட்டு நெய்யத் தெரியாது. ஆரணியில் நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, தறிச் சத்தத்துக்கு நடுவே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் இப்படிச் சொன்னால் தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும். எனக்கு மோட்டார் தெரியும். என் அப்பா வேலூரில் மின்விசிறிகளுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகப் போவது அந்தக் கடைக்குத்தான். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தை வைத்தே அதற்கு எண்ணெய் போதவில்லையா, புஷ் தேய்ந்துவிட்டதா, காயில் போய்விட்டதா என்று சொல்லிவிடுவேன். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கோடை வந்து அவர்கள் வீட்டு ஃபேன் நின்றதும் அவர்களே என்னைத் தேடி வந்ததும் உண்டு.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. சீர்வரிசையோடு அப்பா ஓர் ஏர் கூலரையும் லாரியில் ஏற்றி அனுப்பினார். கடையில் வாங்கியதில்லை, அவரே செய்தது. பச்சை பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. முன்பக்கம் கம்பி வலை, உள்ளே பெரிய விசிறி, அடியில் தண்ணீர்த் தொட்டி. மற்ற மூன்று பக்கமும் தட்டி வைப்பதற்கு மரச்சட்டம். தச்சு வேலையில் இழைப்புளி தள்ளும்போது சுருள் சுருளாக வருமே, அதை மெலிசாகப் பொறுக்கி எடுத்துச் சட்டத்துக்குள் திணித்திருப்பார். அதுதான் தட்டி. தொட்டியிலிருந்து ஒரு சின்ன பம்ப் தண்ணீரை மேலே ஏற்றும், அது தட்டிகளின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். விசிறி வெளிக்காற்றை அந்த ஈரத்தின் வழியாக இழுத்து முன்னால் தள்ளும். அவ்வளவுதான் வித்தை. அடியில் நான்கு சக்கரம் வேறு. எந்த அறைக்கு வேண்டுமோ அந்த அறைக்கு உருட்டிக்கொண்டு போகலாம்.

எங்கள் பக்கத்துக் கத்திரி வெயில் தெரியாதவர்களுக்கு அதை விளக்கிப் பயனில்லை, தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த வெயிலில் இப்படியொரு பெட்டி வந்து இறங்கினால் தெரு சும்மா இருக்குமா? அதற்கு 'தண்ணி ஃபேன்' என்று பெயர் வைத்து, ஆளாளுக்குப் பார்க்க வந்தார்கள். எதிர் வீட்டு அம்மாவுக்கு 'ஃபே' வராது. "உங்க ஊட்ல பேனு கீதாமே" என்று வாசலில் நின்று சத்தமாகக் கேட்பார். "மெதுவா கேளுங்கக்கா, தலைக்கு மருந்து வெக்க வந்துடப் போறாங்க" என்பேன். புது மருமகளுக்கு வாயைப் பார் என்று அன்றைக்கே பேர் வாங்கிவிட்டேன்.

ஆனால் அந்த கூலர் வீட்டுக்குள் ஒரு நாள் முழுதாக ஓடவில்லை. காரணம் என் மாமனார். மாமியார் இல்லாத வீடு, ஆகவே சட்டம் எல்லாம் மாமாவுடையதுதான். தறி நெய்வதில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது, கோபத்திலும் கிடையாது. கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் அவர், இன்னொன்றில் என் கணவர். கூலரைக் கூடத்து வாசலில் நிறுத்தி நான் சுவிட்சைப் போட்டதும், மாமா தறிக்குழியிலிருந்து காலைக்கூட எடுக்காமல் கத்தினார்.

"அத்த நிறுத்து! பட்டும் தண்ணியும் ஒரே எடத்துல ஆவாது. ஈரக் காத்து பட்டா பாவு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு பேஜாரா பூடும். ஜரிகை கறுத்துச்சின்னா உங்க அப்பாவா வந்து பதில் சொல்வாரு?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. நியாயம் இல்லாவிட்டால் நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம். கூலரைப் பின்கட்டு அறைக்கு உருட்டிக்கொண்டு போய், கோணியைப் போட்டு மூடி வைத்தேன். அதன் மேல் மாமா விறகு அடுக்கச் சொன்னார். நான் அடுக்கவில்லை.

அப்படியே வருஷங்கள் போயின. எண்பதுகள் தொடங்கிய சமயம், மாமாவின் கண்ணில் புரை விழுந்துவிட்டது.

அவருக்கு இருந்ததே ஒரு கண்தான். சின்ன வயதில் அம்மை போட்டு இடது கண் போய்விட்டது. அவ்வளவு நெசவும் அந்த ஒற்றைக் கண்ணால் நெய்ததுதான். புரை முற்றிக்கொண்டே வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் இழை அறுந்ததா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துச் சமாளித்துவந்தார். ஒரு நாள், முகூர்த்தப் புடவை ஒன்றில், இழை அறுந்தது தெரியாமல் ஒரு சாண் நெய்துவிட்டார். என் கணவர்தான் பார்த்துச் சொன்னார். மாமா தறியை விட்டு எழுந்தார். திட்டுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் திட்டாததுதான் எங்களைப் பயமுறுத்தியது. மறுநாளே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கோடை கழியட்டும் என்று யார் யாரோ சொன்னார்கள். புரை நன்றாக முற்றிவிட்டது, தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். மாமாவுக்கும் பொறுமை இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்குள் தறியில் உட்கார வேண்டும் அவருக்கு.

ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னையும் என் கணவரையும் நிற்கவைத்துச் சொன்னார். குனியக் கூடாது, தலையைச் சட்டென்று திருப்பக் கூடாது, பலமாக இருமக் கூடாது, கண் கட்டின் மேல் கை வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், வியர்வை கண்ணில் இறங்கவே கூடாது. இறங்கிப் புண்ணில் சீழ் வைத்துவிட்டால் கண் தங்காது. "கட்டு பிரிச்ச பிறகும் ஜாக்கிரதையா இருங்க. கறுப்பா புள்ளி, ஓட்டை, திரை மாதிரி எதுனா தெரியுதுன்னு சொன்னா ஒரு நிமிஷம் வீட்ல வெச்சிருக்காதீங்க. உடனே கூட்டிகினு வந்துடுங்க." அவருடைய பேச்சில் மிரட்டல் இல்லை. இருந்தாலும் பஸ்ஸில் வரும்போது என் கணவர் அந்த வார்த்தைகளையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் மாமாவைப் படுக்க வைத்தோம். ஒற்றைக் கண்ணையும் கட்டியாகிவிட்டது, ஆகவே அவருக்கு எல்லாம் இருட்டு. வெயில் ஏற ஏற ஓடு காய்ந்து அனல் அப்படியே கீழே இறங்கியது. மேலே சுற்றுகிற ஃபேன் அந்த அனலைத்தான் வாரி வாரி முகத்தில் அடித்தது. மாமாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகத் திரண்டு கண்கட்டை நோக்கி வழியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தேன். ஒற்ற ஒற்ற ஊறியது. சமையல் யார் செய்வது, பிள்ளைகளை யார் பார்ப்பது? எத்தனை நேரம் இப்படி உட்கார்ந்திருக்க முடியும்?

"மாமா, கூலரை எடுத்துகினு வரப் போறேன்" என்றேன்.

"அந்தத் தண்ணி ஃபேனா? வேணாம்."

"உங்க கண்ணு ஒண்ணும் பட்டு இல்ல மாமா, ஈரக் காத்துல கெட்டுப்போவ. வேர்வையிலதான் கெட்டுப்போவும். கூடத்துக் கதவைச் சாத்திட்டுதான் போடுவேன். உங்க பாவுக்கு ஒண்ணும் ஆவாது."

அவர் சுவரைப் பார்க்கத் தலையைத் திருப்ப முயன்றார். திருப்பக் கூடாது என்று நினைவு வந்து அப்படியே கிடந்தார். "இன்னாமோ செய்" என்றார். அவருடைய அகராதியில் அதற்குச் சரி என்று பொருள்.

கோணியை எடுத்தேன். வருஷக்கணக்கில் தொடாத கூலர் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மரச்சுருள் மக்கிப் பொடியாகியிருந்தது, ஒரு பக்கத் தட்டியில் எலி குடித்தனம் நடத்திக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அன்றைக்கு ஊற்றியது அப்படியே நின்று வற்றி, தொட்டியின் அடியில் சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளையாகப் பிடித்திருந்தது. புளியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்துத் தேய்த்தேன், உப்பு விட்டுத் தொட்டி பளிச்சென்று ஆனது. பம்ப் சுற்றவில்லை. கழற்றிப் பார்த்தால் அச்சில் பட்டு நூல் கழிவு சுற்றிக்கொண்டிருந்தது. நெசவு வீட்டில் எந்தப் பொருளைப் பிரித்தாலும் உள்ளே கொஞ்சம் பட்டு இருக்கும். அதை ஊசியால் நிமிண்டி எடுத்தேன். மோட்டாருக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. எர்த் ஒயரைக் கொல்லையில் ஈர மண்ணில் ஒரு கம்பி அடித்துக் கட்டினேன். தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்போது அதை மட்டும் சோம்பலில் விட்டுவிடக் கூடாது. கைக்கு வேலை கிடைத்ததும் எனக்குப் பயம் குறைந்துபோனது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மீதி இருந்தது தட்டி. சேவூரில் ஒரு தச்சரிடம் மரச்சுருள் கேட்டனுப்பினேன். வந்தது எல்லாம் தடித் தடிச் சில்லு, தண்ணீர் நிற்காது. அப்போது நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் கட்டுக் கட்டாக இருப்பது நினைவுக்கு வந்தது. அதை வாங்கிவரச் சொன்னேன். சட்டத்துக்குள் பரத்தி, லேசாக அடைத்து, சணல் கயிற்றால் குறுக்கே கட்டிவிட்டால் வேலை முடிந்தது.

நான் அடைக்க ஆரம்பித்ததை என் கணவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் சாதுவான மனிதர், எனக்கும் மாமாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வேறு எப்படித்தான் இருக்க முடியும்! ஆனால் அன்றைக்கு அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னா இது, குப்பைய வாரி அடைக்கிற மாதிரி? நெய்யற ஊட்ல இப்டியா செய்வாங்க? குடு இத்த. நான் நெய்ஞ்சி தரேன்."

எனக்கு மாமாவின் நெற்றியை ஒற்றப் போக வேண்டியிருந்தது. சட்டங்களைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

அவர் சட்டத்தின் மேலும் கீழும் ஆணி அடித்து, முறுக்கு நூலைப் பாவாக இழுத்துக் கட்டினார். வெட்டிவேரைத் தண்ணீரில் நனைத்து, விரல் பருமனுக்குத் திரித்து, அதையே குறுக்கு இழையாக, ஊடையாக விட்டார். ஒவ்வோர் ஊடைக்கும் ஒரு கட்டையால் தட்டித் தட்டிக் கீழே இறக்கினார். எங்கள் வீட்டில் 'நெருக்கம்' என்று ஒரு சொல் உண்டு. ஓர் ஊடை அடுத்த ஊடையோடு ஒட்டி உட்கார வேண்டும், துணியைத் தூக்கிப் பிடித்தால் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. அந்த நெருக்கத்துக்காகத்தான் எங்கள் வீட்டுப் புடவையைத் தேடி வருவார்கள். மாமாவுக்கு மானம், மரியாதை எல்லாமே அந்தச் சொல்தான். மகன் நெய்த துணியில் ஒரு தடவை உள்ளங்கையை ஓடவிடுவார், "லூசா கீது" என்பார், போய்விடுவார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். 'நல்லா இருக்கு' என்ற வார்த்தையை அந்த மனிதர் மகனிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை.

தட்டி மூன்றும் முடிந்ததும் என் கணவர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மாமாவின் கையருகே வைத்தார். கட்டிய கண்ணோடு மாமா அதைத் தடவினார். மேலிருந்து கீழே ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. நகத்தால் ஓர் இடத்தில் நெம்பிப் பார்த்தார். நகம் போகவில்லை.

"நெருக்கம் நல்லாகீது" என்றார்.

என் கணவரின் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்தன்று எடுத்த போட்டோவில்கூட அவர் முகம் அப்படி இல்லை.

தட்டிகளை மாட்டி, தொட்டியை நிரப்பி, கூலரை மாமாவின் அறைக்கு உருட்டிவந்தேன். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் குளிர்ச்சி வெளியே போய்விடும் என்று ஜன்னலைச் சாத்தப் போனார்கள். திறந்து வையுங்கள் என்றேன். புதுக்காற்று வராவிட்டால் கூலர் வெறும் புழுக்கத்தைத்தான் தரும். எல்லாம் சரியாக வைத்து சுவிட்சைப் போட்டேன்.

மோட்டார் உறுமியது. கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது மூச்சு முட்டுகிற சத்தம். ஒரு பட்டு இழையை எடுத்து முன் வலைக்கு நேராகப் பிடித்தேன். இழை ஆடவே இல்லை. தண்ணீர் தட்டிக்குள் இறங்காமல் வெளிப்பக்கமாக வழிந்து தரையில் ஓடியது. மூன்று பக்கமும் பலகை வைத்து அடைத்தது போல இருந்தது தட்டி. காற்று எந்த வழியாக உள்ளே வரும்?

"இன்னா, கரண்ட் இல்லியா?" என்றார் மாமா.

"இருங்க மாமா, கொஞ்சம் சரி பண்ணணும்" என்று சொல்லி நிறுத்திவிட்டு, தட்டிகளைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். என் கணவர் பின்னாலேயே வந்தார்.

"மோட்டார் பத்தல போலகீது" என்றார்.

"மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல. உங்க நெசவுலதான் கோளாறு."

"இன்னா கோளாறு?"

"ரொம்ப நல்லாகீது. அதான் கோளாறு. காத்து பூற எடமில்ல. பிரிக்கணும்."

அவர் தட்டியைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளையிடமிருந்து எதையோ பிடுங்குகிற மாதிரி எனக்கு ஆகிவிட்டது. "நைனா மொத மொதல்ல நல்லாகீதுன்னு சொன்னது இத்ததான்" என்றார். "இத்தப் போயி பிரிக்கச் சொல்றியே."

எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. தறியில் உட்கார்ந்த நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவர் அவர். ஆனால் உள்ளே ஒருவர் நெற்றியில் வியர்வை ஊறிக்கொண்டிருந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"அடுத்த தபா நீங்க நெய்யறத அவரு கண்ணால பாத்துட்டு நல்லாகீதுன்னு சொல்லட்டும். அதுக்குக் கண்ணு வேணாமா?"

அவர் கையை விட்டார். விட்டுவிட்டுக் கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் தட்டியை மடியில் போட்டு ஒரு ஊடையை உருவினேன், அடுத்ததை விட்டேன், அதற்கடுத்ததை உருவினேன். ஒன்று விட்டு ஒன்று. எளிமையான கணக்கு. கொஞ்ச தூரம் போவதற்குள் மிச்சமிருந்த வேர் எல்லாம் பிடிமானம் இல்லாமல் சரிந்து மடியில் விழுந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மோட்டார் தெரிந்த எனக்கு நூல் தெரியாது.

அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஒண்ணு வுட்டு ஒண்ணு எடுத்தா எப்டி நிக்கும்? மிச்சம் எல்லாமே பாவுக்கு ஒரே பக்கமா வந்துடும், சாஞ்சிடும். ரெண்டு எடு, ரெண்டு வுடு. அப்பதான் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு பின்னிகினு நிக்கும்." சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சரித்ததை மறுபடி நெய்து சேர்த்தார், பிறகு இரண்டு இரண்டாக உருவ ஆரம்பித்தார். உருவும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று தட்டியையும் அவர்தான் பிரித்தார். எல்லாம் முடிந்ததும் "நைனாவாண்ட சொல்லாத" என்றார். சரி என்றேன்.

இந்தத் தடவை மோட்டார் சத்தம் மாறியது. பட்டு இழை என் விரலிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. வெட்டிவேர் வாசனையோடு குளிர்ந்த காற்று மாமாவின் மேல் போய் விழுந்தது. வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். நெற்றி உலர்ந்தது, மறுபடி ஊறவில்லை. மாமாவின் கை, வேட்டியை இழுத்து மார்பில் போர்த்திக்கொண்டது. அந்தக் கத்திரியில் ஒருவர் போர்த்திக்கொண்டதைப் பார்த்ததும் எனக்கு ஊரையே ஜெயித்த மாதிரி இருந்தது.

சற்றுக் கழித்து மாமா கேட்டார். "ஏண்டா, அத்தினி நெருக்கமான தட்டில எப்டிடா காத்து வருது?"

"மோட்டார் நல்ல மோட்டாரு நைனா" என்றார் என் கணவர்.

"இவங்க அப்பன் கெட்டிக்காரன்தான்" என்றார் மாமா. பொய்க்குக் கிடைத்த பாராட்டுதான், ஆனாலும் என் அப்பாவுக்கு வந்ததை நான் ஏன் மறுக்க வேண்டும்? வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தக் கோடை முழுக்க கூலர் என் பொறுப்பு. காலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவேன். வாரம் ஒரு முறை தொட்டியை வடித்து, புளித்தண்ணீர் போட்டுத் தேய்த்து, தட்டிகளைக் கழற்றி அலசி வெயிலில் சாய்த்து வைப்பேன். காயாமல் விட்டால் வெட்டிவேரும் குட்டை நாற்றம் நாறும். வோல்டேஜ் குறைந்து விசிறி தளர்ந்தால் உடனே நிறுத்திவிடுவேன், காயிலைக் கருக்கிக்கொண்டு பிறகு அழுவதில் அர்த்தமில்லை. கரண்ட் போனால் கை விசிறி. கூடத்தில் என் கணவரின் தறி ஓடிக்கொண்டேயிருக்கும், நடுக்கதவு சாத்தியே இருக்கும். பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கண்கட்டைப் பிரித்தார்கள். சீழ் இல்லை, புண் சுத்தமாக ஆறியிருக்கிறது என்றார் டாக்டர். அதைக் கேட்டு நாங்கள் பெருமூச்சு விட்டதும், இன்னொன்றும் சொன்னார். புரையை எடுத்த கண்ணில் கண்ணாடி போடாமல் ஒன்றும் துலங்காது. புண் நன்றாக ஆறி, அளவு பார்த்துக் கண்ணாடி போட்ட பிறகுதான் எவ்வளவு பார்வை மிச்சம் என்று தெரியும். அதுவரைக்கும் மாமாவுக்கு உலகம் வெறும் வெளிச்சமும் நிழலும். அதைக் கேட்டு அவர் திட்டக்கூட இல்லை. ஒரு நாள் நான் தண்ணீர் ஊற்ற அறைக்குள் போனபோது, அவர் ஒரு பட்டு இழையை இரண்டு கை விரலிலும் இழுத்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே வைத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவதும் தூரப் பிடிப்பதுமாக இருந்தார். இழை அவருக்குத் தெரியவில்லை. நான் குடத்தோடு அப்படியே திரும்பிவிட்டேன். சமையற்கட்டில் நின்று அழுதேன். அவரோடு சண்டை போடாத நாள் எனக்கு இருந்ததில்லை. ஆனாலும் அந்த இழை அவருக்குத் தெரியாமல் போனால் என்ன ஆவது என்று நினைக்க என்னால் முடியவில்லை.

அளவு பார்த்துவிட்டு வந்த பிறகு கண்ணாடி தயாராகக் கொஞ்ச நாள் பிடித்தது. என் கணவர்தான் வேலூர் போய் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார். வெயில் சாயத் தொடங்கிய நேரம். அன்று நான் கூலர் கழுவும் நாள். இரண்டு தட்டி கொல்லையில் இடம் பிடித்துக்கொண்டதால் மூன்றாவதை மாமாவின் அறை ஜன்னலில் சாய்த்து வைத்திருந்தேன். மேற்கு வெயில் அந்த ஜன்னல் வழியாகத்தான் விழும்.

என் கணவர் உறையைப் பிரித்தார். பாட்டில் அடி மாதிரி தடித்த கண்ணாடி. மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் தானே வாங்கி, தானே மாட்டிக்கொண்டார். முகத்தை எங்களை நோக்கித் திருப்பவில்லை, எதிரே ஜன்னலையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது.

"கண்ணு போச்சிடா" என்றார்.

"நைனா!"

"ஓட்டை ஓட்டையா தெரியுது. வரிசையா ஓட்டை."

டாக்டர் சொன்ன அதே வார்த்தை. என் கணவர் வண்டி பார்க்கிறேன், வேலூர் போகணும் என்று ஏதேதோ உளறினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மாமா பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். தட்டியின் ஓட்டைகள் வழியாக மேற்கு வெயில் வரிசை வரிசையாகப் பொத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "மாமா, ஓட்டை உங்க கண்ணுல இல்ல. தட்டில கீது" என்றேன்.

"எந்தத் தட்டி?"

"உங்க புள்ள நெய்ஞ்ச தட்டி. அந்த நெருக்கத்துல காத்து வரல மாமா. நான்தான் புடுங்கினேன்." என் கணவரைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று சொல்லியிருந்தேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன்.

மாமா எழுந்திருக்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தத் தட்டியை மேலிருந்து கீழே படித்தார். உதடு அசைந்தது.

"ரெண்டு எடுத்து, ரெண்டு வுட்டுகீது" என்றார். "நீயா புடுங்கின? நீ புடுங்கியிருந்தா ஒண்ணு வுட்டு ஒண்ணு எடுத்து மொத்தத்தயும் கொட்டியிருப்ப. இது நெய்யறவன் கை."

நான் என் கணவரைப் பார்த்தேன்.

மாமா முதல் தடவையாக மகன் பக்கம் திரும்பினார். அந்தத் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய ஒற்றைக் கண் பெரிதாகத் தெரிந்தது. மகனின் முகத்தை அவர் எவ்வளவு நேரம் பார்த்தாரோ.

"அன்னிக்கி தடவிப் பாத்தப்ப நெருக்கமாத்தான் இருந்தது. என் கை பொய் சொல்லல" என்றார். "இதுவும் நல்லாகீது."

என் கணவர் மூலையில் இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு, கூலருக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று கொல்லைப் பக்கம் போனார். தட்டிகள் மூன்றும் வெயிலில் காயும்போது கூலருக்குத் தண்ணீர் எதற்கு என்று நான் கேட்கவில்லை.